நரிதாவில் ஒரு ராத்திரி

டோக்கியோவுக்குப் போகிற வெளிநாட்டுப் பிரயாணிகளில் பல பேர் நரிதா விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். ஆனால் நரிதாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்; விரல் விட்டு எண்ணிவிடலாம்! விமானத்தை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக ரயிலைப் பிடித்து, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தாண்டி, டோக்கியோவில் போய்த்தான் மூச்சு விடுகிறார்கள்.

என் விஷயம் வேறு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்ட எனக்கு, அடுத்த விமானம் மறுநாள்தான் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நரிதாவில்! "இப்படி நடுவழியில் அகப்பட்டுக் கொண்டோமே" என்று அலுத்துக் கொண்டிருந்தபோது, மாயவரத்திலிருந்து என் பால்ய நண்பர் டெலிபோன் செய்தார்.

"நம்ம பெண் அன்றைக்கு நரிதாவில்தான் இருக்கிறாள். அவள் தங்குகிற ஹோட்டலிலேயே நீயும் ரூம் போட்டுக் கொள். ஊரைச் சுற்றிக் காட்டுவாள்" என்றார்.

நண்பரின் பெண் ஒரு வெளிநாட்டு விமானக் கம்பெனியில் பணிப்பெண். ஒன்பது வருஷ சர்வீஸ். அவள் தயவில் நான் பார்த்தது ஓர் ஊரை மட்டும் அல்ல. வானத்தில் பறக்கிறவர்கள் தரையில் இறங்கியபின் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் விமான நிலையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது 1978ஆம் வருஷம் மே மாதம் 20ஆம் தேதி திறக்கப்பட்டது. திறப்பதற்குள் ஜப்பானிய சர்க்காருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. 'எங்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம்' என்று விவசாயிகள் பத்து வருஷத்துக்கு மேல் போராடினார்கள். மார்ச் மாதக் கடைசியில் திறப்பதாக நாள் குறித்திருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால், போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து கருவிகளை உடைத்துவிட்டார்கள்! சுற்றிலும் குடியிருப்பவர்கள் தூங்க வேண்டும் என்பதற்காக, நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை இங்கே பொதுவாக விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ராத்திரியில் ஊர் அவ்வளவு நிசப்தம்.

கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்த விமானியும் பணிப்பெண்களும், வந்த காலோடு திரும்பிப் போக முடியாது. இத்தனை மணி வேலை செய்தால் இத்தனை மணி ஓய்வு எடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. விமானம் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். வந்தவர்கள் ஹோட்டலில் ஒரு நாள் தங்கிவிட்டு, அடுத்து வருகிற விமானத்தை ஓட்டிக்கொண்டு போவார்கள். இதற்கு 'லே-ஓவர்' என்று பெயர். நரிதா இப்படித் தங்குகிறவர்களின் ஊர். கடைத்தெருவில் ஒரு மதுக்கடைக்கு 'ஜெட் லாக் கிளப்' என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்! 2020ஆம் வருஷம் மார்ச் மாதம் அமெரிக்காவின் டெல்டா கம்பெனி தன் டோக்கியோ விமானங்கள் எல்லாவற்றையும் ஹனேடா நிலையத்துக்கு மாற்றிக் கொண்டது. கொரோனாவும் சேர்ந்து கொண்டது. பழைய கோலாகலம் குறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். ஆனாலும் தெருவில் சூட்கேஸ் இல்லாமல், அவசரம் இல்லாமல், தூக்கக் கண்ணோடு நடக்கிற நாலு வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தால், அவர்கள் விமானக் குழுவினர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

நான் போய்ச் சேர்ந்தது பகல் 12 மணிக்கு. நண்பரின் பெண் காலையிலேயே வந்து இறங்கியிருந்தாள். ஆனால் அவளை உடனே பார்க்க முடியவில்லை. 'தூங்குகிறேன் மாமா. மூன்று மணிக்குக் கீழே வருகிறேன்' என்று போனில் செய்தி அனுப்பியிருந்தாள். மூன்று என்றால் மூன்று. மணி அடிக்கிற மாதிரி வந்து நின்றாள்.

"வாங்க மாமா, முதலில் கோயிலுக்குப் போவோம்" என்றாள். நம் ஊர்ப் பெண் அல்லவா?

ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரைக்கும் ஒரே தெரு, சுமார் 800 மீட்டர். நம் ஊர்ச் சன்னிதித் தெரு மாதிரியே வளைந்து வளைந்து சரிவில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் மரத்தினால் ஆன பழங்காலக் கடைகள். அரிசி வறுவல், வேர்க்கடலை, இனிப்புக் கட்டி என்று மணக்கிறது. விலாங்கு மீன் இந்த ஊர் விசேஷம். கடை வாசலிலேயே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, விலாங்கைக் கிழித்துச் சுத்தம் செய்கிறார்கள். சைவனான நான் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பிக் கொண்டேன். எனக்குப் பிடித்தது ஓர் ஊறுகாய். வெள்ளரிக்காய் மாதிரி ஒரு காயைக் குடைந்து, உள்ளே மிளகாயை வைத்து, சோயாச் சாற்றில் ஊறப் போடுகிறார்கள். அதற்குப் பெயர் 'துப்பாக்கி ஊறுகாய்'! மிளகாய் நாக்கில் பட்டதும் பெயர்ப் பொருத்தம் விளங்கிவிட்டது.

தெருவின் முடிவில் நரிதாசான் ஷின்ஷோஜி ஆலயம். கி.பி. 940இல் ஏற்பட்டது என்கிறார்கள். மூலவர் ஃபுடோ. சமஸ்கிருதத்தில் இவருக்கு அசலன் என்று பெயர். அசையாதவர் என்று அர்த்தம். கையில் வாள், கயிறு, பின்னால் நெருப்புச் சுவாலை. இங்கே தினமும் 'கோமா' நடக்கிறது. நம்முடைய ஹோமம்தான் மொழி மாறிக் கோமா ஆகியிருக்கிறது! பெரிய முரசு அதிர, குருமார்கள் மந்திரம் சொல்ல, சமித்து எரிகிறது. ஜனங்கள் தங்கள் கைப்பைகளைக் கொடுத்து நெருப்புக்கு மேல் காட்டச் சொல்லி வாங்கிக் கொள்கிறார்கள். பிரயாணத்தில் ஆபத்து வராமல் இருக்க இந்தச் சாமியை வேண்டிக் கொள்வது வழக்கமாம். என் தோழியாக வந்த பெண்ணும் தன் பையைக் கொடுத்து வாங்கிக் கொண்டாள்.

கோயிலுக்குப் பின்னால் பெரிய பூங்கா. குளக்கரையில் உட்கார்ந்ததும் நான் கேட்டேன்: "உன்னோடு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? எல்லோரும் சிநேகிதர்களா?"

"பதினாலு பேர் மாமா. அதில் ஒருத்தரை மட்டும்தான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பெரிய கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். யார் யாரோடு போவது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. காலையில் அறிமுகம்; பத்து மணி நேரம் தோளோடு தோள் நின்று வேலை; ஒரு ராத்திரி ஒரே ஹோட்டல்; மறுநாள் பிரிவு. அப்புறம் வருஷக் கணக்கில் பார்க்க மாட்டார்கள். ரயில் சிநேகம் என்கிறோமே, அதையே உத்தியோகமாக ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். ரயில் சிநேகத்தில் முகவரியாவது வாங்கிக் கொள்வோம்!

"முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாகத் தங்கும்போது எப்படி நடந்து கொள்வீர்கள்?" என்று கேட்டேன்.

"அதற்கெல்லாம் முறை இருக்கிறது மாமா. எழுதி வைக்காத முறை" என்று சொல்லி ஒவ்வொன்றாக விவரித்தாள்.

ஹோட்டலுக்குப் போகிற பஸ்ஸில் யாராவது ஒருவர், எல்லோர் காதிலும் விழும்படி, "ஆறு மணிக்கு லாபியில்" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது மகா தப்பு. வருகிறவர்கள் வரலாம். வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் வரை பார்ப்பார்கள். அப்புறம் புறப்பட்டு விடுவார்கள். மறுநாள் 'ஏன் வரவில்லை?' என்று கேட்பது அநாகரிகம். ஹோட்டலுக்கு வந்ததும் கதவைப் படாரென்று சாத்தி, தாழ்ப்பாளைக் கிளிக்கென்று போட்டு, புறப்படுகிற நேரம் வரை வெளியே தலை காட்டாதவர்களும் உண்டு. அவர்களுக்கு 'ஸ்லாம் கிளிக்கர்' என்று செல்லப் பெயர். கேலியாகச் சொல்லலாம், ஆனால் வற்புறுத்தக் கூடாது.

யூனிபாரத்தோடு மதுக்கடைக்குள் போகக் கூடாது. சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, குழுவில் யாருக்குச் சம்பளம் குறைவோ அவருடைய பைக்குத் தாங்குகிற கடையாகப் பார்க்க வேண்டும். யாருடைய அறை நம்பரையும் ஹோட்டல் கவுண்டரில் உரக்கச் சொல்லக் கூடாது. ஆனால் குழுவுக்குள் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் மாமா. கதவைத் தட்டக் கூடாது. ஒருத்தர் பகலில் தூங்குவார், ஒருத்தர் ராத்திரி தூங்குவார். எங்கள் உடம்பில் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மணி. தூக்கத்தைக் கெடுத்தால் நாளைக்கு விமானத்தில் கஷ்டம்."

"ஏதாவது ஆபத்து என்றால்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. குளத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "அதை ராத்திரி சொல்கிறேன். நேரமாகிறது, வாங்க" என்று எழுந்துவிட்டாள்.

ஆறு மணிக்கு லாபியில் எட்டுப் பேர் வந்தார்கள். "என் அப்பாவின் சிநேகிதர்" என்று என்னை அறிமுகம் செய்து வைத்தாள். "அப்படியானால் எங்களோடுதான் சாப்பிட வேண்டும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார் ஒரு நரைத்தலைக்காரர். அவர்தான் காப்டன் என்று எனக்குப் பாதிச் சாப்பாட்டில்தான் தெரிந்தது! எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, "இன்று காலையில் இறக்கும்போது விமானத்தைத் தரையில் போட்டு உடைத்து விட்டீர்களோ என்று பார்த்தேன்" என்று அவரைக் கிண்டல் செய்தாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரே ஒரு பீர் குடித்தார். ஏழு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தேநீருக்கு மாறிவிட்டார். விமானத்தில் ஏறுவதற்கு முன் 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது என்பது நம் இந்தியாவின் விதி. அமெரிக்கச் சட்டத்தில் 8 மணி நேரம்தான் என்றாலும், அங்கும் பல கம்பெனிகள் அதைவிட அதிகமாக வைத்திருக்கின்றன.

எனக்கு அவித்த பச்சைச் சோயாக்காயும் சோறும் கிடைத்தன. அவரைக்காயைப் போல உரித்து உரித்துத் தின்றுகொண்டு பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்தேன்.

இந்தச் சிரிப்பும் கிண்டலும் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1977ஆம் வருஷம் மார்ச் 27ஆம் தேதி, டெனெரீப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டு போனார்கள். பனி மூட்டத்தில் ஒரு விமானம் வேகம் எடுத்தபோது, அதிலிருந்த எஞ்ஜினீயர் 'அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா?' என்று சந்தேகம் கேட்டார். காப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. சின்னவர்கள் பெரியவரிடம் கூசாமல் வாய் திறக்க வேண்டும், பெரியவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் விமானக் கம்பெனிகள் பாடமாகவே கற்றுக் கொடுக்க ஆரம்பித்தன. 1986இல் நாசா ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நன்றாக ஓய்வெடுத்த, ஆனால் ஒருவருக்கொருவர் புதியவர்களான விமானிகளைக் காட்டிலும், களைத்துப் போயிருந்தாலும் சேர்ந்து பறந்து பழகியவர்கள் பெரிய தவறுகளைக் குறைவாகச் செய்தார்களாம்! இன்று சாப்பாட்டு மேஜையில் காப்டனைக் கிண்டல் செய்கிற பெண், நாளைக்கு விமானத்தில் புகை வாசனை வந்தால் தயங்காமல் அவரிடம் சொல்வாள் அல்லவா?

பில் வந்தது. யார் எதைச் சாப்பிட்டார்களோ அவரவர் கொடுத்தார்கள். என் பங்கை மட்டும் கொடுக்க விடவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒன்றாகவே திரும்பினோம். ஒருவரையும் தனியாக விட்டு வருவது கிடையாது. ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் நான் ஒரு காட்சி பார்த்தேன். அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் தன் அறைக்குள் நுழைந்தாள். இன்னொருத்தி கதவைத் திறந்து பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். உள்ளே போனவள் குளியலறை, அலமாரி, திரைச்சீலைக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துவிட்டு, "சரி" என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. ஊர் ஊராய் அந்நிய அறைகளில் தனியாகப் படுத்துறங்குகிற பெண்கள் இப்படித்தான் ஒருவருக்கொருவர் துணை.

நானும் நண்பரின் பெண்ணும் லாபிக்குத் திரும்பி வந்து தேநீர் வாங்கிக் கொண்டோம்.

"ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டீங்களே மாமா. ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே ஹோட்டலில், ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே புறப்பட்டு வா என்று. போன் செய்தது யார் தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் செய்தவன் நான்தான்! மாயவரத்திலிருந்து காரில் என் நண்பரைக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன். நம் ஊரில் மணி பத்து. அவள் எங்கே இருக்கிறாள், அங்கே என்ன மணி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவள் வந்து நின்றாள். எப்படி வந்தாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை.

"அறையை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன் மாமா. வரிசையாகக் கதவுகள். எல்லாக் கதவிலும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை. அப்போது எனக்கு இரண்டு வருஷ சர்வீஸ். தட்டக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் நின்றேனோ! கடைசியில் எதிர்க் கதவைத் தட்டினேன். அது எங்கள் பர்ஸருடைய அறை. ஐம்பது வயதுக்காரி. வழியெல்லாம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் கதவைச் சாத்திக் கொண்டவள். அவளைப் பற்றி அன்று சாயங்காலம் நாங்கள் கேலி கூடப் பேசியிருந்தோம்."

"திறந்தாளா?"

"இரண்டாவது தட்டில் திறந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். எதற்காகத் தட்டினாய் என்று கேட்கவில்லை. 'உள்ளே வா' என்றாள்."

அந்த அம்மாள் வெந்நீர் போட்டுத் தேநீர் கொடுத்தாளாம். கம்பெனியின் இரவு அதிகாரிக்குப் போன் செய்து, சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு மறுநாள் இடம் கேட்டாளாம். "காப்டனிடம் சொல்ல வேண்டாமா?" என்று இவள் அழுதுகொண்டே கேட்டதற்கு, "அவர் நாளைக்கு விமானம் ஓட்ட வேண்டியவர், ஐந்து மணிக்குச் சொன்னால் போதும்" என்றாளாம். அந்த நிலையிலும் ஒழுங்கு தவறவில்லை! ஆனால் தன்னுடைய தூக்கத்தை மட்டும் அவள் கணக்கில் சேர்த்துக் கொள்ளவில்லை. விடியும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் குழுவினர் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கவரில் யென் நோட்டுகளைப் போட்டு இவள் கையில் திணித்தார்கள். இவளுடைய வேலையைத் தங்களுக்குள் பகிர்ந்து கொண்டு பறந்து போய்விட்டார்கள்.

"அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்தாயா?"

"இல்லை மாமா. மறுபடி ஒரே விமானத்தில் அமையவே இல்லை. அவள் ரிடையர் ஆகிவிட்டாள். நன்றி சொல்லிப் பக்கம் பக்கமாக ஒரு கடிதம் அனுப்பினேன். இரண்டே வார்த்தை பதில் வந்தது. 'அப்பா சௌக்கியமா?'"

சற்று நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ராத்திரி உன் கதவை யாராவது தட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"இரண்டு தடவை" என்றாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லே-ஓவரில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அவர்கள் முறைகளில் ஒன்று என்பது எனக்குத் தெரிந்துவிட்டதே!

விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். எனக்கு விழிப்புக் கொடுத்துவிட்டது. அவளை வழியனுப்பலாம் என்று கதவைத் திறந்தேன். யூனிபாரத்தில், கொண்டை போட்டு, கழுத்தில் ஸ்கார்ஃபோடு அவள் வந்து கொண்டிருந்தாள். "போய் வா அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். எதிர்க் கதவில் தொங்கிய அட்டையைக் கண்ணால் காட்டினாள். என்னைப் பார்த்துச் சிரித்துத் தலை தாழ்த்திவிட்டு நடந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். சக்கரம் வைத்த சூட்கேஸை அவள் உருட்டவில்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று, அந்தக் கனத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தாழ்வாரம் முழுவதும் நடந்து போனாள்.

நீங்கள் என்றைக்காவது ஏதாவது ஓர் ஊரில் ஹோட்டலில் தங்கினால், பகல் வேளையாக இருந்தாலும் தாழ்வாரத்தில் கொஞ்சம் மெதுவாகவே நடங்கள். கதவுக்கு அந்தப் பக்கம், யார் வீட்டுப் பெண்ணோ தூங்கிக் கொண்டிருக்கலாம்.